டாக்ஸி மிஸ்திரியும் எம்.ஜி. காரும்

ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தும் பழைய கார் ஊர்வலத்தைக் கொல்கத்தா 1968 முதல் பார்த்து வருகிறது. கம்பிச் சக்கரங்களோடு தரையை ஒட்டி ஒரு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு போகும்போது, கூட்டம் பெயிண்டின் மினுமினுப்பைப் பார்க்கும், ஓட்டுபவரின் தொப்பியைப் பார்க்கும். அந்தக் கார் இத்தனை காலம் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் ரோட்டோரம் நிற்கும் மஞ்சள் அம்பாசடர் டாக்ஸியைப் பார்க்க வேண்டும்.

1955-இல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் வெளிவந்த எம்.ஜி.ஏ. காரில் இருந்தது பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் இன்ஜின், 1489 சி.சி. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடருக்கு 1950-களின் இறுதியில் வந்து சேர்ந்ததும் அதே பி-சீரிஸ், அதே 1489 சி.சி. போர் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 89 மில்லிமீட்டர், இரண்டுக்கும் ஒரே அளவு. ஆபிங்டன்காரர்கள் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் மாட்டி, அழுத்தத்தைக் கூட்டி, 70 குதிரைத்திறன் அளவுக்கு வேலை வாங்கினார்கள். உத்தர்பாராவில் மட்டமான பெட்ரோலுக்கும் குடும்பத்தோடு மூட்டை முடிச்சுக்கும் ஏற்றபடி அதை அடக்கி வைத்தார்கள். டாக்ஸி இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கு எம்.ஜி.ஏ.வின் உள்புறம் அந்நிய தேசம் இல்லை.

இந்த ஊரில் மெக்கானிக்கை மிஸ்திரி என்பார்கள். பெரும்பாலானவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதில் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட் கழுவி வேலைக்கு வந்தவர்கள். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, இவர்களுக்கு மல்லிக் பஜார் அப்படி. பார்க் ஸ்ட்ரீட்டும் பழைய லோயர் சர்குலர் ரோடும் சந்திக்கும் இடம். கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் அடக்கமான கல்லறைத் தோட்டமும் அங்கேதான். உடைத்த கார்களின் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் கடை வாசலில் அடுக்கிக் கிடக்கும். எது எந்த வண்டியுடையது என்று கடைக்காரர் பல்லை எண்ணிச் சொல்லிவிடுவார்.

நண்பர் ஒருவரின் எம்.ஜி.ஏ. அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் திறந்து கிடந்தபோது கூடவே உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. கிராங்கைக் கழற்றி மரக்கட்டைமேல் வைத்ததும் மிஸ்திரி மைக்ரோமீட்டரைத் தேடவில்லை. கட்டைவிரல் நகத்தை ஜர்னலின், அதாவது பேரிங்கில் உட்காரும் பகுதியின், குறுக்கே மெதுவாக இழுத்தார். ஓரிடத்தில் நகம் தடுக்கியது. “தாதா (அண்ணா), இங்கே எண்ணெய் வராமல் ஓடியிருக்கிறது” என்றார். அதன் பிறகுதான் மைக்ரோமீட்டர் வந்தது, நகம் சொன்னதையே சொன்னது. கிராங்கைக் கடைந்து பத்துப் பத்துத் தௌவாகக் குறைப்பார்கள். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டென் சைஸ், ட்வென்ட்டி, தர்ட்டி, கடைசியாக ஃபார்ட்டி. அதற்குமேல் அந்தக் கிராங்குக்கு ஆயுசு இல்லை. நீளமான கிராங்கை மூன்றே மெயின் பேரிங் தாங்கும் இன்ஜின் இது. ஒரு ஜர்னலில் கோணல் இருந்தாலும் வேகமெடுக்கும்போது அத்தனையும் அதிரும்.

பிஸ்டன் விஷயத்தில் எளிய வழி ஒன்று உண்டு. போர் ஒன்றே என்பதால், அழுத்தம் குறைந்த அம்பாசடர் பிஸ்டனைப் போட்டு, ஒற்றைக் கார்புரேட்டரை மாட்டி அனுப்பிவிடலாம். பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கார் ஓடும். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முதுகைப் பின்னால் தள்ளும் அந்த இழுப்பு போய்விடும், எம்.ஜி. தோலைப் போர்த்திய டாக்ஸிதான் மிஞ்சும். நல்ல மிஸ்திரி இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. பிளாக்கைப் போர் செய்து, சரியான ஓவர்சைஸ் பிஸ்டன் வெளிநாட்டிலிருந்து வரும்வரை இன்ஜினைத் துணி போட்டு மூடி வைப்பார். அந்தப் பொறுமைக்குக் கூலி கிடையாது. என் கண்ணில் அதுதான் அவருடைய தொழிலின் உச்சம்.

பின்புற எண்ணெய் ஒழுகலும் அவருக்குப் பழக்கமான விஷயம். இந்த இன்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுப் பள்ளமே எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. நின்றபின் இரண்டு சொட்டு விழத்தான் செய்யும். அதை நோய் என்று நினைத்து இன்ஜினை இறக்கியவர்கள் வீணாய்ப் பணம் கொட்டியிருக்கிறார்கள்.

இன்ஜினைவிட அதன் பின்னால் இருப்பதைத்தான் கொல்கத்தா அதிகம் சோதிக்கிறது. ஆடி ஆவணி மழையில் டன்டனியா பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும். தாழ்ந்த காருக்கு அது ஆக்ஸில் மட்டம். மூச்சுத்துளை வழியே உள்ளே புகும் தண்ணீர் கியர் ஆயிலோடு கலந்து பால் டீ நிறமாகிவிடும். ஒரு பருவம் அப்படியே விட்டால் பேரிங்கில் துரு ஏறி கார் ஊளையிடும். டிராம் தண்டவாளமோ யுனிவர்சல் ஜாயிண்டை ஒவ்வொரு நாளும் குத்துகிறது. கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் இல்லை. நெரிசலில் வண்டி முழுதாய் நிற்பதற்குள் ஃபர்ஸ்டுக்குத் தள்ளினால் பல் நொறுங்கும். டபுள் கிளட்ச் அடிக்கத் தெரியாதவர் கையில் இந்தக் காரைக் கொடுக்கவே கூடாது.

பின் ஆக்ஸிலில் கிரவுன் பினியன் பூட்டும் வேலையை அவசியம் ஒருமுறை பார்க்க வேண்டும். எம்.ஜி.ஏ.வில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 10. மிஸ்திரி ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்து, கிரவுனின் சில பற்களில் மட்டும் மெல்லிசாகப் பூசி, கையாலேயே சுற்றினார். பினியன் தொட்ட இடத்தில் செந்தூரம் விலகி ஒரு நீள்வட்டத் தடம் விழுந்தது. அது பல்லின் அடிப்பக்கம் ஒதுங்கியிருந்தது. முன்பக்க ஃபிளாஞ்சைக் கழற்றி, பினியனை உருவி, தலைப் பேரிங்குக்குப் பின்னால் இருந்த வாஷரை மாற்றி, மறுபடி எல்லாவற்றையும் பூட்டிச் சுற்றினார். தடம் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி பிரித்தார். பகல் முழுக்க இதுதான் நடந்தது. தடம் பல்லின் நடுவில் வந்து உட்கார்ந்தபிறகு கிரவுனை லேசாக முன்னும் பின்னும் ஆட்டி, அந்தச் சிறு இடைவெளியை விரலாலேயே உணர்ந்து தலையாட்டினார். இதில் தவறினால் ஆக்ஸில் ஐம்பது மைல் வேகத்தில் அழ ஆரம்பிக்கும், அப்புறம் எதைப் போட்டாலும் நிற்காது.

எம்.ஜி.ஏ.வுக்கு முந்தைய டி.சி., டி.டி. மாடல்களில் டாக்ஸி அறிவு உதவாது. அவற்றின் 1250 சி.சி. இன்ஜினில் போல்ட்டின் தலை பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பேனருக்குப் பொருந்தும், மரையோ பிரெஞ்சு மெட்ரிக். கவென்ட்ரியில் அந்த இன்ஜின்களைச் செய்த தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. இயந்திரங்களோடு மரையளவும் தங்கிவிட்டது. தெரியாமல் வேறு போல்ட்டை முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். அப்போது ஆற்றைக் கடந்து ஹவுராவின் பெலிலியஸ் ரோட்டு லேத்துகளைத்தான் தேடிப் போக வேண்டும். ஒரு மாதிரி போல்ட்டைக் கையில் கொடுத்தால் மாலைக்குள் கடைந்து தருகிறவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

சென்னைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் அங்கே ஹெரால்டு கார் செய்தது. இங்கிலாந்தில் 1962-இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்ததுதான். ஹெரால்டு ஓய்ந்தபோது ஸ்பிட்ஃபயருக்கு வைத்தியம் பார்க்கும் கைகளும் சேர்ந்தே ஓய்ந்தன. கொல்கத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

கொஞ்சம்தான். உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் நின்றது. 15 வயது கடந்த வாடகை வண்டிகளைத் தெருவிலிருந்து எடுக்கும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008-இல் உத்தரவிட்டது. அந்தக் கணக்குப்படி கடைசி அம்பாசடர் டாக்ஸிக்கும் 2029-இல் வேலை முடிகிறது. ஐம்பது வயது தாண்டிய கார்களை விண்டேஜ் என்று தனி எண்ணோடு பதிந்துகொள்ள 2021-இல் மத்திய அரசு விதி செய்தது, நல்ல காரியம். ஆனால் காரைப் பதிந்தால் மட்டும் அது ஓடாது. மிஸ்திரியின் மகன் ஸ்கேனரைச் செருகிப் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டரில் வேலை செய்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே மாதச் சம்பளம் வருகிறது.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை இன்ஜின் இறங்கும்போது, ஐ.டி.ஐ. முடித்த ஒரு பிள்ளையை மிஸ்திரியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த நாட்களுக்கான சம்பளத்தை நீங்களே கொடுங்கள். கிராங்க் எந்த சைஸில் நிற்கிறது, பினியனுக்குப் பின்னால் எத்தனை தௌ வாஷர் போட்டது, எந்த மரை எந்த அளவு என்பதையெல்லாம் மிஸ்திரி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதச் சொல்லுங்கள், வங்க மொழியிலோ தமிழிலோ. ஒரு பிரதி ஆர்.சி. புத்தகத்தோடு இருக்கட்டும், இன்னொன்று அந்தப் பிள்ளையிடம் இருக்கட்டும்.