ஊமை வானொலி புகட்டிய பாடம்

தமிழ்த்துறை மலரில் கார் வானொலிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். நம் நாவால் நேர்ந்த ஒரு பிழையை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதத் துணிந்தோம்.

மணலூர்பேட்டையில் ஒரு பட்டறையில் நம் பழைய காருக்குப் புதிய பேட்டரி மாற்றினோம். வேலை செய்தவர் இருபது வயது நிரம்பாத இளைஞர். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. வானொலியோ வாய் திறக்கவில்லை. "காலையில் பாடிய பெட்டியைக் கெடுத்துவிட்டாயே!" என்று நால்வர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். "ஐயா, பேட்டரி ஒயரைத் தவிர வேறொன்றையும் நான் தொடவில்லை" என்றார் அவர். நாம் செவிசாய்க்கவில்லை; கூலியையும் குறைத்துக் கொடுத்துத் திரும்பினோம்.

திருக்கோவிலூரில் நாம் நாடிய முதிய மெக்கானிக் பெட்டியைக் கழற்றவேயில்லை, பொறுமையாக விளக்கினார். தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் வானொலிக்கு மின்சாரம் இரு வழிகளில் வருகிறது. ஒன்று எந்நேரமும் வருவது. கடிகாரத்தையும் நாம் பதிந்துவைத்த நிலையங்களையும் நினைவில் காப்பது. மற்றொன்று சாவியைத் திருப்பும்போது மட்டும் வந்து பெட்டியை விழிக்கச் செய்வது. எர்த் ஒயர் காரின் உடலோடு சேர்ந்து மின்சுற்றை நிறைவு செய்கிறது.

பழுதுக்குப் பழுது அடையாளம் உண்டு. முகப்பே ஒளிராவிடில் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். சாவியை எடுத்ததும் பதிந்த நிலையங்கள் மறந்துபோனால் நிரந்தர மின்வழியில் கோளாறு. இஞ்சின் வேகத்தோடு ரீங்காரமும் உயர்ந்தால் எர்த் பிடிப்பைச் சோதிக்க வேண்டும். ஒரு கதவின் ஸ்பீக்கர் மட்டும் மௌனமானால், கதவு மடங்குமிடத்தில் ஒயர் அறுந்திருக்கலாம். எல்லா நிலையங்களும் இரைந்தால் ஏரியலை ஐயுறலாம். கல்வராயன் மலைக்குள் செல்கையில் பண்பலை மங்குவதோ பழுதன்று. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் மலை மறித்துவிடுகிறது. மத்திய அலையோ நிலத்தைத் தழுவி நெடுந்தொலைவு செல்லவல்லது.

"முகப்பில் 'கோட்' என்ற சொல் மின்னுகிறதே, கவனித்தீர்களா?" என்றார் இறுதியில். நாம் கவனித்திருக்கவில்லை. இத்தகைய சில பெட்டிகள், மின்சாரம் முற்றும் அற்றுப்போனால் தம்மை எவரோ திருடிவிட்டதாகக் கருதிப் பூட்டிக்கொள்ளும். உரிய இரகசிய எண்ணை அழுத்தினாலன்றித் திறவா. காரின் கையேட்டுக்குள் கிடந்த சிறு அட்டையில் அந்த நான்கு இலக்க எண் இருந்தது. அழுத்தினோம்; வானொலி பேசியது. நமக்குத்தான் பேச்சு எழவில்லை.

மறுநாளே மணலூர்பேட்டை சென்றோம். பலரறியச் செய்த பழிக்குப் பலரறியவே மன்னிப்புக் கோரி, குறைத்த கூலியையும் கொடுத்தோம். அவ்விளைஞர் சினம் காட்டவில்லை, "கோளாறு என்னவாக இருந்தது, ஐயா?" என்றே கேட்டார். சொன்னோம். 'பேட்டரி கழற்றுமுன் ரேடியோ எண் உண்டா எனக் கேட்க வேண்டும்' என்று தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடுமாறு வள்ளுவப் பெருந்தகை பணிக்கிறார். அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதவாறு, வந்த செய்தியைத் தீர விசாரிக்கத் திருமறை கட்டளையிடுகிறது. இவ்விரண்டையும் மேடைதோறும் எடுத்துரைத்த நாம், அவற்றின் பொருளை ஒரு பட்டறை வாசலில்தான் கற்றோம்.