இரண்டு பேருக்கு ஒரு மேசை

நாரணாபுரத்தில் நான் வளர்ந்த காலத்தில் ‘ஒயின்’ என்ற சொல் தனியாக வந்து கேட்டதில்லை. ‘ஷாப்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் “ஒயின்ஷாப்புக்குப் போயிருக்காரு” என்போம். அங்கே விற்றது பிராந்தியும் ரம்மும். ஒயின் வாங்கிக் குடித்த ஒருவரையும் எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்துக்கொண்டு தனியார் கடைகள் போன பிறகும் ஊர் வாயில் அந்தப் பெயர்தான் நிற்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குத் திராட்சை நினைவுக்கு வராது. சனிக்கிழமை சம்பளக் கவரை அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பதுதான் வரும்.

ஆகவே, “ஒயின்னா எப்படிடி இருக்கும்? ஒரு தடவ குடிச்சுப் பாக்கணும்” என்று அக்கா போனில் சொன்னபோது எனக்கு உடனே பேச்சு வரவில்லை. பட்டாசு ஆலையில் சரம் பின்னிப் பின்னிக் கை காய்த்துப்போன அம்மாவின் மூத்த மகள் அவள். குடியால் அம்மா பட்டதை என்னைவிட ஏழு வருடம் கூடுதலாகப் பார்த்தவள். அத்தானும் குடிக்கிறவர்தான்.

அந்த ஆசை அவளுக்கு வேலை வழியாக வந்தது. நாரணாபுரத்தில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறாள். சீசனில் காலண்டர், மற்ற நாளில் நோட்டு, லேபிள், மெனு கார்டு. எங்கெங்கோ இருக்கும் ஹோட்டல்களின் மெனு கார்டுகள் அவள் கையில் மடிந்து, ஒட்டி, ஓரம் வெட்டப்பட்டுப் போகின்றன. கடைசிப் பக்கத்தில் ஒயின் பட்டியல். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஷிராஸ் என்றால் ஏதோ பிஸ்கட் என்று நினைத்திருந்தாளாம். “வெலையப் பாத்துட்டு அச்சுப் பிழைன்னு சூப்பர்வைசர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுனேன். அவரு சிரிச்சிட்டாரு.”

கண் பரிசோதனைக்காக அவள் சென்னைக்கு வருவதாக இருந்தது. ஒரு ராத்திரி, நல்ல ஹோட்டலில், நாங்கள் இருவர் மட்டும் என்று முடிவு செய்தேன்.

ஹோட்டல் சாப்பாடு எங்கள் பகுதிக்குப் புதிதில்லை. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்காக வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள். சிவகாசியில் பொழுது சாய்ந்தால் கொத்து பரோட்டா தட்டும் சத்தம் தெருத்தெருவாகக் கேட்கும். ஆனால் எங்கள் பெண்கள் அந்த ருசியைப் பார்சலில்தான் அறிவார்கள். ஆண் வாங்கி வருவான், சால்னா பிளாஸ்டிக் பையில் நூலால் கட்டியிருக்கும், இலை வாடியிருக்கும். எண்ணெய் பரோட்டா மொறுமொறுப்பான பண்டம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது நமத்துப்போய்விடும். நமத்த பரோட்டாதான் பரோட்டா என்று நினைத்து ஒரு தலைமுறைப் பெண்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் ‘ஃபேமிலி ரூம்’ இருக்கிறது. ஏசி, திரைச்சீலை, கொஞ்சம் கூடுதல் விலை. பெண்கள் மட்டும் போனால், ஃபேமிலி பின்னால் வருகிறதா என்று வாசலைப் பார்ப்பார்கள்.

சரி, சென்னை. தமிழ்நாட்டில் சாதாரண உணவகம் சாப்பாட்டு மேசையில் ஒயின் ஊற்ற முடியாது. பார் உரிமம் பெற்ற ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும்தான் முடியும். புதுச்சேரியிலோ பெங்களூரிலோ சின்ன உணவகத்தில்கூட ஒரு கோப்பை வைத்துக்கொண்டு மீன் சாப்பிடலாம். இங்கே நல்ல ஒயினோடு சாப்பாடு என்றால் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல் என்றாகிவிடுகிறது. வர்க்கம் அப்படித்தான் உரிமத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஏழை ஆணுக்குத் தெருமுனைக் கடை. பணக்காரருக்கு மெழுகுவத்தி வெளிச்சம். ஏழைப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை.

பல இடங்களுக்குப் போன் செய்தேன். “எத்தனை பேர் மேடம்?” “ரெண்டு பேர்.” “கப்பிளா?” “ரெண்டு பெண்கள்.” அதற்குப் பிறகு வரும் சின்ன அமைதியை வைத்தே பாதி இடங்களைக் கழித்துவிட்டேன். ஓரிடத்தில் “எட்டு மணிக்கு மேல லேடீஸ் தனியா வந்தா அன்கம்ஃபர்டபிளா இருக்கும்” என்று அக்கறையோடு சொன்னார்கள். யாருக்கு என்று சொல்லவில்லை.

நான் கேட்ட கேள்விகளுக்கு எந்த நட்சத்திரக் குறியீட்டிலும் பதில் கிடையாது. ஆட்டோவைப் போர்ட்டிகோ வரை விடுவீர்களா, கேட்டிலேயே இறக்கிவிடுவீர்களா? மெனுவைப் படிக்க வெளிச்சம் இருக்குமா? கழிப்பறை அதே தளத்திலா, பாரைத் தாண்டிப் போக வேண்டுமா? ஒயினைக் கோப்பைக் கணக்கில் தருவீர்களா, அப்படியானால் பாட்டிலை எப்போது திறந்தது? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். திறந்த பாட்டில் சில நாளிலேயே மணம் போய்ப் புளிக்கத் தொடங்கும். கோப்பைக்கு நம்மிடம் வாங்கும் விலை மட்டும் குறையாது. “இன்னைக்குச் சாயங்காலம் திறப்போம் மேடம், பேர் சொல்லுங்க” என்று ஓரிடத்தில் சொன்னார்கள். அதையே தேர்ந்தெடுத்தேன்.

சிவப்பு ஒயின்தான் உசத்தி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம் சாப்பாட்டுக்கு அது சரிவராது. திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்தால் நாக்கு இன்னும் எரியும். லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள வெள்ளை ஒயின்தான் மீன் வறுவலுக்கும் மிளகுக்கும் தோது. நாசிக்கில் செய்யும் செனின் பிளாங்க் அப்படிப்பட்டது. வெளிநாட்டுப் பாட்டிலைவிட விலையும் குறைவு. கம்பம் பன்னீர் திராட்சையைத் தள்ளுவண்டியில் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் வடித்த ஒயினைத்தான் அக்காவுக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன். நான் கேட்ட எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

ஒயின் மேசையில் யார் உட்காரலாம் என்பது உலகம் முழுக்கச் சண்டைபோட்டு வாங்கிய விஷயம். லண்டன் ஃப்ளீட் தெருவில் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கூடும் எல் வினோ என்ற ஒயின் பாரில், அப்போது பெண்கள் கவுன்டர் அருகே நின்று குடிக்க முடியாமலிருந்தது. பின்னறையில் உட்கார்ந்தால்தான் தருவார்கள். டெஸ் கில், அன்னா கூட் என்ற இரு பெண்கள் வழக்குப் போட்டு 1982இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். அந்தப் பின்னறை அவர்களுடைய ஃபேமிலி ரூம். லாஸ் ஏஞ்சல்ஸில் 1980இல், தொழில் கூட்டாளியான ஆணைத் தன் செலவில் விருந்துக்கு அழைத்துப்போன ஒரு பெண்ணுக்கு விலை அச்சிடாத மெனு கார்டைக் கொடுத்தார்கள். விலை போட்ட கார்டு அந்த ஆணுக்கு. அவரும் வழக்குக்குப் போனார். மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை பார்க்கக் கூடாது என்ற 1914ஆம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்டப் பிரிவு செல்லாது என்று நம் உச்சநீதிமன்றம் உறுதி செய்ததே 2007இல்தான். 2009 ஜனவரியில் மங்களூர் பப் ஒன்றில் பெண்களை இழுத்துப்போட்டு அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இலங்கையில் பெண்களுக்கு மது விற்பதற்கு 1979இலிருந்து இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் செய்தார். ஆண்கள் வாங்குவதற்கு இடையில் ஒருநாளும் தடங்கல் இல்லை.

மதுவிலக்குக்காகக் கிராமம் கிராமமாகப் போகும் தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “குடிக்கிறதையா விடுதலைங்கிற?” அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு முன்நின்ற நாகம்மையும் கண்ணம்மாளும் எனக்கும் முன்னோர்தான். 2017இல் திருப்பூர் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடை வேண்டாமென்று சாலையில் உட்கார்ந்த பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்தாரே, அந்த வீடியோவை என்னால் இரண்டாவது முறை பார்க்க முடியவில்லை. 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் எத்தனை அரிசிப் பானைகள் துழாவப்பட்டிருக்கும்! குடி விடுதலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மதுவோடு ஒரு பெண்ணுக்கு அடிவாங்குவதும் மறியல் செய்வதும் மட்டுமே உறவு என்று ஆனபிறகு, அது என்ன என்று தானே பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அக்காவை ஒரு தடவையாவது உட்காரவைக்க விரும்பினேன். தோழி ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

அன்றைக்கு அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். மெனு கார்டு வந்ததும் முதலில் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். “லேமினேஷன் ஓரத்துல பிரியுது. நம்ம ஊரு வேலை இல்ல” என்றாள். பரிமாறுபவர் கோப்பையில் ஒரு மடக்கு ஊற்றிவிட்டு நின்றார். ஒயின் கெட்டிருக்கிறதா என்று மோந்து பார்ப்பதற்கான மடக்கு அது. வழக்கமாக மேசையிலிருக்கும் ஆணுக்குப் போகும். எங்கள் மேசையில் யாரிடம் நீட்டுவது என்று அவர் தயங்க, அக்கா எடுத்துக்கொண்டாள். “கொய்யாக்கா வாசம் வருதுடி.” செனின் பிளாங்கைப் பற்றி ஒயின்காரர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள்.

மெதுவாகக் குடித்தாள். “புளிப்பா இருக்கு. ஆனா கொமட்டல.” கொஞ்ச நேரம் கழித்து, “அவரும் இதைக் குடிச்சா இப்படி உக்காந்து பேசுவாரா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மீன் வந்தது. பாதிக் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டாள். அவளுடைய மூன்று நாள் கூலி அந்தக் கோப்பையின் விலை என்பது இருவருக்கும் தெரியும், இருவரும் பேசவில்லை. எழுந்துகொள்ளும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “ரெண்டு மணி நேரமா எந்திரிக்காமச் சாப்பிட்டிருக்கோம்டி” என்றாள். வீட்டில் அவள் கடைசியாக, அடுப்பங்கரையில் நின்றபடியே சாப்பிடுகிறவள். பில்லை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். மறுநாள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன்.

அந்தப் பில் பைண்டிங் பிரிவில் கை மாறிக் கை மாறிப் போனதாம். ஒயின் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த சம்பளச் சனிக்கிழமை ஐந்து பேர் வேலை முடிந்து நேராகப் பரோட்டாக் கடைக்குப் போனார்கள். “எத்தனை பார்சல்க்கா?” என்று கேட்டவனிடம், “பார்சல் இல்ல, இலை போடு” என்று வெளி மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எண்ணெய் பரோட்டாவை முதல் தடவையாக மொறுமொறுப்பாகச் சாப்பிட்டதை அக்கா பத்து நிமிஷம் போனில் சொன்னாள். ஒயினைப் பற்றி அவ்வளவு சொன்னதில்லை.

ஐந்து பேரில் ஒருத்தியின் வீட்டில் அன்று ராத்திரி சண்டை. அடுத்த சனிக்கிழமை நாலு பேர்தான் போனார்கள். அவளுக்குப் பார்சல் வாங்கிக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள்.