படுகளத்து மண்

உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கு டெரக் வால்காட்டின் கவிதைகளைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். கரீபியக் கடலில் செயின்ட் லூசியா என்னும் சிறு தீவில் 1930இல் பிறந்தவர். 1992இல் நோபல் பரிசு பெற்றவர். இந்தப் பிள்ளைகள் கேட்டிராத ஒன்றைக் கொண்டுபோகிறேன் என்ற பெருமிதம் எனக்குள் இருந்தது.

பிற்பகல் வகுப்பில் பாதிப் பேரைக் காணோம். "கோயில்ல பாரதம் சார்" என்றான் ஒருவன். வகுப்பு முடிந்ததும் அவனோடு திரௌபதி அம்மன் கோயிலுக்கு நடந்தேன். பந்தலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடுவதும், நிறுத்திப் பொருள் சொல்வதுமாக இருந்தார். கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, அடுத்த அடியை அவருக்கு முன்பே முணுமுணுத்தார். திருவிழா முடியும்வரை பிரசங்கியார் ஊரிலேயே தங்கிவிடுவாராம். கவிதை படித்துக் கற்பிக்க ஒருவரை வரவழைப்பது பல்கலைக்கழக வழக்கம் என்றே நினைத்திருந்தேன். வால்காட் பாஸ்டனில் செய்ததும் அதைத்தானே!

எங்கள் நெல்லைப் பக்கம் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு. இரண்டு மூன்று நாளில் எல்லாம் ஓய்ந்துவிடும். இங்கே பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று கதை நாள்கணக்கில் ஊரோடு குடியிருக்கிறது. "படுகளம் பாத்துட்டுப் போ தம்பி" என்றார் பாட்டி. தங்கிவிட்டேன்.

கடைசி நாள் காலை. திடலில் துரியோதனன் மண்ணுருவாக மல்லாந்து கிடந்தான். அவனைச் சுற்றி வேஷக்காரர்கள் கதாயுதத்தோடு ஓடினார்கள். "துரியோதனனா நடிக்கிறவர் எந்த ஊரு பாட்டி?" என்றேன்.

வெடுக்கென்று திரும்பினார். "நடிக்கிறதாவது! அம்மா கூந்தல முடியிற வரைக்கும் பல்லுல பச்சத் தண்ணி படாம நிக்கிறேன். சும்மா இரு தம்பி."

சுருக்கென்றது. நோபல் உரையில் வால்காட் சொன்னதும் இதுதான். டிரினிடாடின் ஃபெலிசிட்டி கிராமத்தில், இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் ராமலீலா நடத்துவதைப் பார்க்கப் போனார். எரிப்பதற்காகப் பெரிய உருவம் ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். 1959லேயே நாடகக் குழு தொடங்கியவர் அவர். அதையும் நாடகமாகவே பார்த்தார். அவர்கள் நடிகர்கள் அல்லர், நம்பிக்கை உள்ளவர்கள் என்பது பிறகுதான் அவருக்குப் புலப்பட்டது. அந்த உரையைப் பலமுறை படித்தவன் நான். பாட்டி அதட்டிய பிறகே அது எனக்குள் இறங்கியது.

வீமன் தொடையில் அடித்தான். அம்மன் கூந்தல் முடிந்தாள். கூட்டம் பாய்ந்து மண்ணுருவத்தைப் பிய்த்தது. நெல் குதிரில் போட்டால் நெல் பெருகும் என்று சொல்லி, பாட்டி என் கையிலும் ஒரு பிடி வைத்தார்.

மறுநாள் வகுப்பு நிறைந்திருந்தது. ஃபெலிசிட்டியைப் பற்றிச் சொன்னேன். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறியவர்களின் வம்சம், குவாதலூப் தீவில் மதுரைவீரனை இன்றும் 'மல்தேவிலின்' என்று கும்பிடுவதைச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அங்க உருவத்தை எரிச்சுட்டா, வீட்டுக்கு எதை சார் எடுத்துட்டுப் போவாங்க?"

2017இல் மறைந்த அந்தக் கவிஞர் இந்த வகுப்பில் இருந்து, அவள் கேட்டதைக் கேட்டிருக்க வேண்டும்.