செஞ்சி மலை ஏறியபோது

ஆல்ப்ஸ் மலைத்தொடரில், 2,469 மீட்டர் உயரத்தில், பெரிய புனித பெர்நார்து கணவாய் என்றொரு மலைவழி உண்டு. உரோமையர் பாறையை வெட்டி அமைத்த சாலையின் சுவடுகளையும், அவர்கள் யூப்பித்தர் தெய்வத்துக்கு எழுப்பிய கோயிலின் எச்சங்களையும் அங்கே இன்றும் காணலாம். அவற்றைப் பார்க்கவென்றே முதுகில் பையும் கையில் ஊன்றுகோலுமாக மலையேறுவோர் அந்நாடுகளில் பலர். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று வாசக அன்பர்கள் ஏங்க வேண்டியதில்லை. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம், வந்தவாசி வழியாகக் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடக்கூடிய தொலைவில் செஞ்சி மலைக்கோட்டை நிற்கிறது. மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை 2025 சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் இருந்தன. எஞ்சிய ஒன்று நமது செஞ்சி.

அரக்கோணத்தாருக்குச் செஞ்சியோடு வேறோர் உறவும் உண்டு. 2019-இல் வேலூர் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட இராணிப்பேட்டை மாவட்டத்தில் இப்போது நாம் வாழ்கிறோம். பள்ளிச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் அப்பெயரை எழுதுகிறோம். ஆனால் அந்த இராணி யார் என்று கேட்டவர் நம்மிடையே மிகச் சிலரே. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனின் மனைவியே அவர். கணவனை வென்ற ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான், அவர் நினைவாகப் பாலாற்றின் வடகரையில் அமைத்த ஊரே இராணிப்பேட்டை என்பர்.

கடந்த தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பங்கு மக்கள் முப்பத்திரண்டு பேருடன் நாம் அங்கே சென்றோம். பெரும்பாலோர் இரயில்வேக் குடும்பத்தினர். பெண்கள் விடியற்காலையிலேயே எழுந்து புளிச்சோறு கட்டி எடுத்து வந்திருந்தார்கள். குழுவில் அறுபது வயதை நெருங்கிய தாய் ஒருவரும் இருந்தார். கணவரை இழந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய இளைய மகளின் திருமணத்துக்கு முதல் ஓலை முந்தைய ஞாயிறன்றுதான் கோவிலில் வாசிக்கப்பட்டிருந்தது. கலியாண வேலையை விட்டுவிட்டு மலையேற வந்ததைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, “வீட்ல இருந்தா அழுகைதான் வருது” என்றார்.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என மூன்று குன்றுகள் முக்கோணமாய் நிற்க, அவற்றை இணைத்து மதில் ஓடுகிறது. அம்மதில் சில இடங்களில் 60 அடி கனம் உடையது. அடிவாரத்தில் கலியாண மகாலும் களஞ்சியங்களும் யானைக் குளமும் உள்ளன. மேலிருந்த குளத்து நீரைச் சுட்ட மண் குழாய்கள் வழியே அரண்மனைக்குக் கொண்டுவந்த திறத்தைக் கண்டு நம்முடன் வந்த இரயில்வே பொறியாளர் நெடுநேரம் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போவதே நமக்கு முதல் வேலையாயிற்று.

சேசு சபைப் பார்வையாளராய் இருந்த நிக்கோலாஸ் பிமெந்தா அடிகளார் 1597-இல் இங்கே வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை வரவேற்றார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டு நகரம் எதுவும் இதற்கு ஈடாகாது என்றும் அவர் உரோமையிலிருந்த சபைத் தலைவருக்கு எழுதினார். லிஸ்பனுக்கு அடுத்தபடியாக எண்ணப்பட்ட அந்நகரில் இன்று ஆடுகள் மேய்கின்றன. 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றி அரண்களைப் புதுப்பித்தார். ஐரோப்பியர்கூடக் குறை காண முடியாத வேலைப்பாடு என்று அதைப் பாராட்டியதும் மறுஆண்டு எழுதப்பட்ட ஒரு சேசு சபைக் கடிதமே. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டுக் கிடந்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் ஓர் இரவில் பிடித்தனர். 1761 ஏப்பிரலில் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன்பின் இக்கோட்டையால் யாருக்கும் பயனில்லை.

இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். பிற்பகலில் மேலே ஏறவிடுவதில்லை என்பதால் வெயில் ஏறுமுன்பே தொடங்கிவிடுதல் நலம். படிகள் கருங்கல்லால் ஆனவை. சில முழங்கால் உயரம் இருக்கும். வாசல் ஒன்றைக் கடந்ததும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று தோன்றும், திரும்பினால் மற்றொரு வாசல் நிற்கும். ஐம்பதைக் கடந்த நமது முழங்கால்கள் மூன்றாம் வாசலிலேயே முறையிடத் தொடங்கின. குரங்குகள் வேறு. புளிச்சோற்றுப் பொட்டலம் இரண்டு அவற்றின் பங்காய்ப் போயிற்று. பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் இருக்கிறது. அதன் நிழலில் சிலர் அமர்ந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

உச்சியை அடையுமுன் மலை இரண்டாய்ப் பிளந்து நிற்கிறது. பிளவு 24 அடி அகலம், 60 அடி ஆழம். முற்காலத்தில் மரப்பாலம் ஒன்றை இட்டிருந்தார்களாம். அதை இழுத்துவிட்டால் ஒரு சிலரே ஒரு சேனையைத் தடுத்துவிடலாம். இப்போது நிலையான சிறு பாலம் உள்ளது. ஆயினும் கீழே பார்த்ததும் நம் குழுவிலிருந்த திடகாத்திரமான ஆண்கள் மூவர், “நாங்க இங்கயே இருக்கோம் சாமி” என்று பாறையோரம் உட்கார்ந்துவிட்டனர். நாம் குறிப்பிட்ட தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு யார் கையையும் பற்றாமல் நடந்து கடந்தார்.

மேலே அரங்கநாதர் கோயிலும், களஞ்சியமும், காவல் கோபுரமும், பழைய பீரங்கி ஒன்றும் உள்ளன. காற்று நம் வியர்வையை உலர்த்திற்று. கீழே வயல்களும் குளங்களும் பாய் விரித்தாற்போல் கிடந்தன. ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

இறங்கிவந்து செட்டிகுளக் கரையில் அமர்ந்து எஞ்சிய சோற்றைப் பகிர்ந்துகொண்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தேசிங்கின் கதையைச் சொன்னார். தந்தைக்குப்பின் செஞ்சிக்கு உரிமை கோரிய இளைஞன். கப்பப் பாக்கி கேட்ட நவாபுக்குப் பணிய மறுத்தவன். 1714 அக்டோபர் 3-ஆம் நாள் சிறு படையுடன் போர்க்களம் புகுந்து மடிந்தபோது வயது இருபத்திரண்டே. அவனுக்காக உயிர்விட்ட முகமதிய நண்பன் மாவத்துகானையும், நீலவேணி என்ற குதிரையையும் நாட்டுப்புறக் கதைப்பாடல் இன்றளவும் போற்றுகிறது. இக்குளக்கரையில்தான் தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதென்றும், அவன் மனைவி அந்த நெருப்பிலேயே இறங்கினாள் என்றும் ஆசிரியர் முடித்தார். சிறுவர்கள் குதிரையின் நிறத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தாய் கேட்டார்: “ராணின்னா அது பட்டம்தானே சாமி? அந்தம்மா பேரு என்ன?”

ஆசிரியர் விடை சொல்லாமல் நம்மைப் பார்த்தார். ஒரு மாவட்டம் முழுவதும் அவரை நினைவுகூர்கிறது. ஆயினும் அது தாங்கி நிற்பது அவருடைய பெயரையன்று, பதவியையே.

“நெருப்புல எறங்கினா ஊருக்கே பேரு வெக்கிறாங்க. உசுரோட இருந்தா, தாலித் தட்டத் தொடாத, தள்ளி நில்லுன்னு சொல்றாங்க.” அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. இலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

குழுவிலிருந்த அனைவருக்கும் பொருள் விளங்கிற்று. மூத்த மகள் திருமணத்தில் மந்திரிப்புக்காகத் தாலித் தட்டைப் பீடத்தருகே ஏந்தி வந்தவர் அவருடைய நாத்தனார். பெற்ற தாயோ தீர்த்தத் தொட்டியருகே, வாசலை ஒட்டி நின்றிருந்தார். யாரும் அவரை விரட்டவில்லை. விரட்டாமலே தள்ளி நிற்க வைப்பதுதான் இவ்வழக்கத்தின் ஆற்றல்.

உடன்கட்டை ஏறுதலை வங்காளத்தில் 1829-இலும் சென்னை மாகாணத்தில் 1830-இலும் சட்டம் தடை செய்தது. நெருப்பு அணைந்துவிட்டது என்பது உண்மையே. ஆனால் கைம்பெண்ணின் நிழல் பட்டால் மங்கலம் கெடும் என்ற எண்ணம் சட்டத்துக்கு எட்டாத இடத்தில், அதுவும் திருமுழுக்குப் பெற்ற குடும்பங்களின் நடுவீட்டில், இன்னும் குடியிருக்கிறது. நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனை ஏற்றிச் சென்ற பாடையை ஆண்டவர் தொட்டார் என்று நற்செய்தி கூறுகிறது. பிணத்தின் தீட்டையே பொருட்படுத்தாதவரின் பீடத்தருகில் ஒரு தாயின் கை தீட்டென்று கொள்வது எங்ஙனம் பொருந்தும்? இதை மறையுரையில் சொல்லிவிடுவது எளிது. அன்று குளக்கரையிலும் பலர் தலையசைத்தனர். அந்தத் தாயோ நம்மைத் தனியே அழைத்து, “வேணாம் சாமி. நான் தட்டு எடுத்து, நாளைக்கு அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, என்னத்தான் சொல்லுவாங்க. நானே என்ன நம்பமாட்டேன்” என்றார். பிளவுப் பாலத்தைத் துணையின்றிக் கடந்த அதே பெண் இப்படிச் சொன்னார். ஊரார் வாயடைத்தாலும் அவர் உள்ளத்தில் ஊன்றிய அச்சத்தை யார் அடைப்பது? பங்குத்தந்தையின் ஆணையால் ஆகக்கூடிய காரியமன்று இது. நாம் ஆணை எதுவும் இடவில்லை.

அடுத்த வாரம் மணமகன் வீட்டார் திருமண ஏற்பாட்டுக்காகப் பங்கு இல்லத்துக்கு வந்தனர். பாடல்கள், வாசகங்கள் எல்லாம் பேசி முடித்தபின், தாலித் தட்டை ஏந்தி வருபவர் யார் என்று வினவினோம். மணமகனின் தந்தை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, வழக்கப்படிதான் என்றார். யாருடைய வழக்கப்படி என்று நாம் கேட்கவில்லை, மணமகளின் தாய் உயிரோடு இருக்கிறாரே என்று மட்டும் சொன்னோம். அறையின் மூலையில் மணமகனின் பாட்டி உட்கார்ந்திருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். கணவர் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆனவர். அதுவரை வாய் திறவாதிருந்தவர், “அந்தப் பொண்ணு பயப்படுதுன்னா நானும் கூட வரேன். ரெண்டு முண்டச்சியும் சேந்து எடுத்தாந்தா யாரு மேல பழி போடுவாங்க?” என்றார். தந்தை திடுக்கிட்டு, “அம்மா!” என்றார். அதற்குமேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தவக்காலம் தொடங்குமுன் திருமணம் நடந்தது. கோவில் நடுவழியே இருவரும் தட்டின் இருபுறமும் கை கொடுத்து மெல்ல வந்தனர். மூதாட்டியின் நடைக்கேற்ப மற்றவரும் அடி குறைத்து நடந்தார். முன்வரிசையில் சிலர் தலைகுனிந்திருந்தனர். படம் எடுப்பவர் கருவியைத் தாழ்த்திவிட்டு, பிறகு ஏதோ எண்ணிக்கொண்டவராய் மீண்டும் உயர்த்தினார். நாம் தாலியை மந்திரித்தோம். விருந்துப் பந்தலில் இதைப்பற்றி இருவிதமாகவும் பேசிக்கொண்டார்கள் என்று மாலையில் உபதேசியார் வந்து சொன்னார்.