வேக்குவம் கேஜ் முள் சொல்வது என்ன?

கிள்ளை போன்ற கடலோர ஊரில், நல்ல நிலையிலுள்ள பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஐடிலில் ஓடும்போது வேக்குவம் கேஜ் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். அதே வண்டியை ஊட்டிக்கு ஏற்றுங்கள். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கிவிடும். பழுதல்ல, அங்கே காற்றழுத்தம் குறைவு, அவ்வளவுதான்.

வேகத்துக்காகக் கேம்ஷாஃப்ட் மாற்றிய வண்டியோ கிள்ளையிலேயே 15க்குக் கீழே காட்டலாம், முள்ளும் நடுங்கலாம். இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதில் அதிகம். இது தெரியாமல் ஹெட்டைக் கழற்றினால் பணம்தான் வீண். ஆனால் சீரான இடைவெளியில் முள் விழுந்து விழுந்து எழுந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம்.

மாற்றம் செய்து வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே அளவைக் குறித்துவையுங்கள். பிறகு ஒப்பிட வேண்டியது அதனோடுதான், புத்தக எண்ணோடு அல்ல.