சட்டத்திற்கு வெளியே நின்றவர்

பிள்ளைத்தமிழ் நடத்துங்கால், ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் இறுதி மூன்று பருவங்கள் வேறுபடும் என்று கூறிவிட்டு அடுத்த செய்திக்குச் செல்வது வகுப்பறை வழக்கம். சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆண்மகவுக்கு. அம்மானை, நீராடல், ஊசல் பெண்மகவுக்கு. மணல்வீடு கட்டுவோர் சிறுமியர். அதனைச் சிதைக்க வருபவன் சிறுவன். அதைப் பொறுத்தருளுமாறு அவனிடம் வேண்டுவதையே நாம் இலக்கிய நயம் என்கிறோம்! இப்பகுப்பு விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று. நாளை அம்மகவு யாராக வேண்டும் என ஊர் முன்கூட்டியே எழுதிவைத்த ஓலையும் ஆகும் என்பது எம் கருத்து.

ஐரோப்பியப் புனைவியல் ஓவியங்களிலும் இவ்வோலையைக் காணலாம். செருமானிய ஓவியர் பிலிப் ஓட்டோ ரூங்கே 1805-06இல் ஹாம்பர்க் வணிகர் ஒருவரின் மக்கள் மூவரை வரைந்தார். ‘ஹுல்சன்பெக் குழந்தைகள்’ என்பது அதன் பெயர். நம் சிறுதேரை நினைவூட்டும் ஒரு வண்டி. அதில் இரண்டு வயது மகவு. நான்கு வயதுச் சிறுவன் சாட்டையை ஓங்குகிறான். ஐந்து வயதுத் தமக்கையோ பின்னே திரும்பி மகவைக் கவனிக்கிறாள். குழந்தைமையைத் தூயதெனப் போற்றிய ஓவியர்தாம். எனினும் சாட்டையை யார் கையில் தருவது என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை. இங்கிலாந்தில் தாமஸ் லாரன்ஸ் 1825இல் வரைந்த சிறுவன் லாம்ப்டன், நிலக்கரிச் செல்வக் குடும்பத்தின் வாரிசு. செந்நிற வெல்வெட் ஆடையுடன் பாறைமேல் சாய்ந்து பெரியோர்போல் சிந்திக்கிறான். 1831இல், பதின்மூன்றாம் வயதிலேயே அவன் மறைந்தான்.

நம் நாட்டில் ரவிவர்மா 1893இல் தம் மகளையும் பேரக்குழந்தையையும் ‘அதோ அப்பா வருகிறார்’ என்னும் ஓவியமாக்கினார். தாய் சுட்டும் திசையில் தந்தை இருக்கிறார், ஓவியத்தில் இல்லை. மருமக்கள் தாயம் நிலவிய மண்ணில் தந்தையை இல்லத்தின் நடுவே நிறுத்தும் புதிய விருப்பம் அது என்று ஆய்வாளர் கூறுவர்.

தூரிகையின் இடத்தைப் பின்னர் ஒளிப்படக் கருவி பிடித்தது. 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களை நம் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடித் தொகுத்து மின்னுருவாக்கியுள்ளது. மாணவர்கள் அவற்றைக் காணல் வேண்டும். தூணும் தோட்டமும் தீட்டிய திரைச்சீலை, முக்காலி, வாசிக்கத் தெரியாத கையில் ஒரு புத்தகம்: அக்காலக் குழந்தைப் படங்களின் உடைமைகள் இவை.

எம் இல்லத்திலும் ஒன்று உண்டு. சைகோனில் வணிகம் செய்த பாட்டனாருக்கு அனுப்புவதற்காக 1951இல் எடுக்கப்பட்ட எம் அத்தாவின் படம். ஆறு வயது, துருக்கித் தொப்பி, கோட்டு, பளபளக்கும் காலணி. உருவப்படம் கூடுமா என்னும் வினா இல்லத்தில் எழாமல் இல்லை. தொழுகை வேளைகளில் பாட்டியார் அதனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பார். அப்படத்தில் அத்தாவின் பார்வை கருவியை நோக்காமல் சற்றே இடப்புறம் விலகியிருக்கும். அதன் காரணத்தை எண்பதைக் கடந்த எம் மாமி அண்மையில்தான் கூறினார். மாமி அத்தாவுக்கு மூத்தவர். அவருடைய சிறுவயதுப் படம் ஒன்றேனும் இல்லை.

“கறுப்புத் துணியப் பார்த்து உங்க அத்தா அழுதான். நான் பொட்டிக்குப் பக்கத்துல நின்னு சிரிப்புக் காட்டுனேன். என்னயப் பார்த்துக்கிட்டுத்தான் நிக்கிறான்.”

“உங்களை ஏன் மாமி எடுக்கவில்லை?”

“பொம்பளப் புள்ளைய எடுத்து யாருக்கு அனுப்ப?”

படத்தைக் கண்ட பாட்டனார், மகனுக்குப் புதிய காலணி அனுப்ப அளவு கேட்டு மறுமடல் எழுதினாராம். படத்திலுள்ள காலணி ஸ்டூடியோவுக்குரியது என்பது சைகோனில் அவருக்கு எப்படித் தெரியும்? மாமியின் வளையல் அளவை அம்மடலில் கேட்டிருந்தாரா என்று வினவினோம்.

“டீ ஆறுது, குடி” என்றார் மாமி.