மட்டாஞ்சேரியிலிருந்து குரிசுமுடிக்கு

பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்து மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால் இரண்டு இடங்களைக் காட்டுவதுண்டு. ஒன்று, 1555-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்த அரண்மனை. மற்றொன்று, 1568-இல் எழும்பிய யூத ஜெப ஆலயம். அதே மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு ஆலயம் என்று ஒன்று உண்டு. அங்கே அழைத்துச் செல்வோர் குறைவு.

1653-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, இயேசு சபைக் குருக்களின் ஆளுகைக்கு இனி உட்படோம் என்று தோமா வழிக் கிறிஸ்தவர்கள் இங்கே ஒரு சிலுவையின் முன் ஆணையிட்டார்கள். கூட்டம் மிகுதியானபடியால் சிலுவையில் கயிறுகளைக் கட்டி, தூரத்தில் நின்றவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டே உறுதி கூறினார்கள் என்றும், அந்த இழுப்பில் சிலுவை கூனிப்போயிற்று என்றும் வழிவழியாகச் சொல்லுகிறார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த ஜனம் பழையகூர், புத்தன்கூர் என இரண்டாகப் பிரிந்தது. அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகப் போன வீடுகள் எத்தனையோ!

எங்கள் வீடும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. நாங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம். அண்ணன் கத்தோலிக்க சபையிலேயே இருக்கிறார். நான் ஞானஸ்நானம் பெற்று வெளியே வந்தவன். இருவருக்கும் மட்டாஞ்சேரியில்தான் வாசம். நலம் விசாரிப்போம்; சபையைப் பற்றிய பேச்சை மாத்திரம் எடுப்பதில்லை. கடந்த ஜனவரியில் மலையாற்றூர் குரிசுமுடிக்கு ஏறப்போவதாகவும், முழங்கால் வலி இருப்பதால் துணை வேண்டுமென்றும் அண்ணன் சொன்னார். புறப்பட்டேன்.

மட்டாஞ்சேரியிலிருந்து மலையாற்றூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தோப்பும்படி வழியாக எறணாகுளம் சென்று, அங்கிருந்து ஆலுவா, அங்கமாலி, காலடி என்று பஸ் மாறிப் போகலாம். ஆதிசங்கரர் பிறந்த காலடியைத் தாண்டினால் பெரியாற்றங்கரையில் மலையாற்றூர் ஊர். மலை ஏறும் இடத்திற்கு அடிவாரம் என்றே பெயர். மணப்பாட்டுச்சிறை என்னும் பெரிய ஏரி அதன் அருகே விரிந்து கிடக்கிறது.

கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் வந்திறங்கிய அப்போஸ்தலனாகிய தோமா இந்த மலையில் தங்கி ஜெபித்தார், பின்பு மயிலாப்பூருக்குப் போனார் என்பது பாரம்பரியம். சென்னையில் பரங்கிமலை ஏறியிருப்பீர்கள்; அது 300 அடிதான். குரிசுமுடியின் உயரம் 609 மீட்டர், அதாவது ஏறக்குறைய 2,000 அடி என்று சொல்லப்படுகிறது. மலை உச்சியில் அவருடைய பாதச்சுவடு என்று காட்டப்படும் இடத்தில் அண்ணன் முழங்காலிட்டார். நான் சற்று விலகி நின்றேன். வேதத்தில் இல்லாததை நான் நம்ப வேண்டியதில்லை. அதற்காக மலையை வெறுக்கவும் வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பாதை முழுவதும் கரடுமுரடான கல். வழியில் சிலுவைப்பாதையின் 14 நிலைகள் உள்ளன. அண்ணன் ஒவ்வொன்றிலும் நின்று ஜெபம் சொன்னார். நான் பாறையில் அமர்ந்து காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிலைகள் இல்லாவிட்டால் என் மூச்சு பாதி வழியிலேயே நின்றிருக்கும்! செங்குத்தான இடங்களில் அவர் என் தோளைப் பற்றிக்கொண்டார். தபசு காலத்தில் பெரிய மரச்சிலுவைகளைச் சுமந்துகொண்டு, வெறுங்காலோடு இரவெல்லாம் ஏறுகிறவர்கள் அநேகர்.

உச்சியில் "ஆனை குத்திய பள்ளி" என்ற சிறிய பழைய ஆலயம் இருக்கிறது. மலையாளத்தில் பள்ளி என்றால் ஆலயம். காட்டு யானைகள் குத்திய சுவர் என்கிறார்கள். அதன் அருகே இருந்து கட்டுச்சோற்றை உண்டோம்.

இறங்கும்போதுதான் அண்ணன் கேட்டார்: "ஏலே, அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசாச்சு. நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா, அவங்களைக் கோயிலுக்குள்ள கொண்டுபோவோம். பூசை நடக்கும். நீ உள்ள வருவியா, வெளிய நிப்பியா?"

வாசகரே, இந்தக் கேள்வி உங்களில் அநேகருடைய வீட்டிலும் காத்திருக்கிறது. அந்த நாளில் கண்ணீரோடும் உறவினர் கூட்டத்தோடும் நின்றுகொண்டு இதற்குப் பதில் தேடுவது எளிதல்ல. அண்ணன் முன்கூட்டியே கேட்டது நல்லது.

இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட தூரம் மௌனமாக நடந்தேன். "உள்ளே வருவேன் அண்ணே. நற்கருணை வாங்க வரமாட்டேன். அம்மா பக்கத்தில் நிற்பேன்" என்றேன்.

"அது போதும்லே. பெட்டியைத் தூக்க ஆள் வேணும்ல" என்றார்.

போக விரும்புகிறவர்கள் விடியற்காலையிலேயே புறப்படுங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும். குடிதண்ணீர் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு அங்கே பெருவிழா. கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பவர்கள் அந்த வாரங்களை விட்டுவிடுங்கள். களைப்போடு இறங்கிவந்து பெரியாற்றில் குளிக்க இறங்காதீர்கள். ஆழமும் இழுப்பும் உள்ள ஆறு. நாங்கள் கரையிலே கால் நனைத்ததோடு நிறுத்திக்கொண்டு, மாலை பஸ்ஸில் அங்கமாலிக்குத் திரும்பினோம். அண்ணன் ஜன்னலோரம் அமர்ந்து, எறணாகுளம் வருமட்டும் உறங்கினார்.